மதிப்பில்லாதவை

குன்னூரில் ஈரத்துக்கு யாரும் பட்டம் சூட்டவில்லை.
ஜூன் பிறந்தால் ஆளுவது அதுதான்.

மன்னர் மானியம் நின்றதற்கு மறு வருஷம்
நான் வேலைக்குச் சேர்ந்தேன்.
ரத்தன்கட் சமஸ்தானத்தின் கோடை மாளிகை.
நான்காயிரத்து நூற்றுப் பன்னிரண்டு புத்தகங்கள்.
சம்பளம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மணியார்டரில்,
சில தடவை வெறும் மன்னிப்புக் கடிதமாக.

வேலை என்னவென்றால்
காலை ஏழு மணிக்கு ஜன்னலைத் திறப்பதா வேண்டாமா
என்று முடிவு செய்வது.
மூடுபனி பள்ளத்தில் நின்றால் திற.
சில்வர் ஓக்கின் இடுப்பைத் தொட்டுவிட்டால் மூடு.
கரியடுப்பை அலமாரிக்கு மூன்று முழம் தள்ளி வை.
வசம்பு முடிச்சை மாதாமாதம் மாற்று.
தோல் அட்டைக்கு எண்ணெய் கையால்தான்.
எங்கே வறண்டிருக்கிறது என்று துணிக்குத் தெரியாது.

பூச்சியின் பெயரைச் சொன்னபோது
காவலுக்கு இருந்த போஜன் சிரித்தார்.
"இராமபாணமா? அப்ப ராவணன் யாரு?"
வேட்டை நூல்கள் இருந்த தட்டைக் காட்டினேன்.
எழுபது புலிகள்,
ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு பூட்ஸ் கால்.
அங்கேதான் அதிகம் துளைத்திருந்தது.
ஆனாலும் தடுத்தேன்.
வாங்கிய சம்பளம் அதற்குத்தான், வாங்கிய மாதங்களில்.

வாரிசு ஒரே ஒரு தடவை வந்தார்.
வாசலில் நின்றபடி, "எல்லாம் பத்திரமா?"
"கொஞ்சம் இருமுகின்றன" என்றேன்.
என்னைத்தான் சொல்கிறேன் என்று நினைத்து
மருந்துக்குப் பத்து ரூபாய் கொடுத்தார்.
நாப்தலின் உருண்டை வாங்கினேன்.

மன்னர்கள் இதையெல்லாம் படித்தார்களா என்று கேட்பவர்களுக்கு:
பக்கங்கள் வெட்டப்படவே இல்லை.
லண்டனில் மடித்தது மடித்தபடி
கப்பலேறி ரயிலேறி வந்து நின்றவை மூவாயிரத்துக்கு மேல்.
மேசை இழுப்பறையில் ஒரு தந்தக் கத்தி, உறை கழற்றாமல்.
டிசம்பர் மதியங்களில், அனுமதி கேட்காமல்,
நாளுக்கு ஒரு மடிப்பு வெட்டினேன்.
முதலில் காற்று உள்ளே நுழையும் ஓசை.
பிறகு, யாரிடமும் இதுவரை சொல்லப்படாத ஒரு வாக்கியம்.
அடுத்தவர் கடிதத்தைப் பிரித்தவள் போலக்
காது சுட்டது.

சாப்ரியா பம்பாயிலிருந்து அளவுநாடாவோடு வந்தார்.
எதையும் விரிக்கவில்லை. முதுகுகளை அளந்தார்.
"அடிக்கு இவ்வளவு. சிவப்புத் தோல் என்றால் கொஞ்சம் கூட.
ஓட்டல் வரவேற்பறைக்கு, மேடம்."
மூன்றாம் நாள் சாயங்காலம் சாக்கில் போனவை:
விதைப் பட்டியல்கள், குதிரைப் பந்தயச் சீட்டுகள்,
அட்டை பிய்ந்த ரயில்வே கால அட்டவணை ஒன்று.
'மதிப்பில்லாதவை' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

சாக்கைக் கட்டுமுன் எடுத்தேன்.
தானாக விரிந்தது.
இத்தனை வருஷத்தில் என் கையில் தானாக விரிந்தது
அது ஒன்றுதான்.
விரல் பட்டுப் பட்டு அந்தப் பக்கம் மட்டும் துணியாகியிருந்தது.
பென்சில் கோடு: மேட்டுப்பாளையம், போத்தனூர்,
மெட்ராஸ், பெஜவாடா, இடார்சி.
எந்த ஊரில் எத்தனை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று
ஓரத்தில் கூட்டல் கணக்கு.
ஒரு இடத்தில் கூட்டல் தப்பு.
வேறொரு பென்சிலில் திருத்தியிருந்தது.

ராணியா, ஆயாவா,
பரீட்சையில் தோற்ற இளவரசனா, வடக்கத்திச் சமையல்காரரா,
தெரியாது.
போனார்களா என்பதும்.
பள்ளத்திலிருந்து எஞ்சின் ஊதுவது மட்டும்
இந்த ஜன்னலுக்கு நன்றாகக் கேட்கும்.

பதிவேட்டின் கடைசி வரியில் சேர்த்தேன்:
4113. கால அட்டவணை. அட்டை இல்லை.
நிலை: மிகவும் படிக்கப்பட்டது.

லாரி மேட்டுப்பாளையம் ரோட்டில் இறங்கியது.
அலமாரி நின்ற இடங்களில் சுவர் இன்னும் பச்சையாக இருந்தது.
ஒழுகும் இடத்தில் போஜன் வாளியை வைத்தார், பழக்கதோஷம்.
நானும் வெளியே பார்த்தேன்.
பனி சில்வர் ஓக்கின் இடுப்புக்கு வந்திருந்தது.

ஜன்னலை மூடினேன்,
ஒரே ஒரு புத்தகத்துக்காக.